டிரயாசிக் காலச் சிற்றூர்வன: சான்றும் சரிபார்ப்பும்



தொல்லுயிரியல் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பெரும்பாலோர் நினைப்பது அருங்காட்சியகக் கூடத்தை நிறைத்து நிற்கும் டைனோசாரின் எலும்புக்கூட்டையே ஆகும். இன்று நான் எடுத்துக்கொண்டுள்ள பொருள் அதனினும் மிகச் சிறியது. உள்ளங்கையில் அடங்கக்கூடியதும் சில வேளைகளில் விரல் நுனியில் நிற்கக்கூடியதுமான எலும்புத் துண்டுகளைப் பற்றியது. டைனோசார்கள் தோன்றிய அதே டிரயாசிக் காலத்தில் அவற்றின் காலடியில் வாழ்ந்த சிறிய ஊர்வனவற்றின் எச்சங்கள் அவை. இன்றைய பல்லிகள், ஓணான்கள், பாம்புகள் ஆகியவற்றின் மரபு எப்போது, எங்கே தொடங்கியது என்ற வினாவுக்கு விடை கூற வேண்டியவையும் அவையே.

ஒரு சிறிய எலும்பு 22 கோடி ஆண்டுப் பழமையான பாறை நிலத்தில் கிடைத்தது என்பதனாலேயே அந்த எலும்பும் 22 கோடி ஆண்டுப் பழமையானது என்று கொள்ளலாமா? இவ்வினாவை நமது நாட்டில் கிடைத்த சான்றுகளைக் கொண்டே ஆராய விரும்புகிறேன். எலும்பு எந்த அடுக்கில், எந்நிலையில் கிடைத்தது என்ற பதிவு இல்லாவிடில் எலும்பின் மதிப்பே ஐயத்திற்கு உள்ளாகிறது என்பதுதான் நான் கூற வந்த கருத்து. அப்பதிவைக் காப்பதில் அறிவியலாரைப் போலவே அரசு அலுவலருக்கும் பங்குண்டு.

டிரயாசிக் காலமும் இந்திய நிலமும்

டிரயாசிக் காலம் ஏறத்தாழ 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 20.1 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிவுற்றது. அதற்கு முந்தைய பெர்மியன் காலத்தின் இறுதியில், உலகம் கண்ட உயிரின அழிவுகளிலேயே மிகப் பெரியது நிகழ்ந்தது. அவ்வழிவுக்குப் பின் எஞ்சிய சில மரபுகளிலிருந்தே முதலை இனம், டைனோசார்கள், ஆமைகள், பல்லியினம், பாலூட்டிகள் எனப் பிற்கால முதுகெலும்பிகள் பலவும் வளர்ந்தன. ஆதலின் டிரயாசிக் காலத்து எலும்புகளைத் தேடுவது, இன்றைய விலங்கினத்தின் வேர்களைத் தேடுவதே ஆகும்.

அக்காலத்தில் இந்தியா தனித்த தீபகற்பமாக இருக்கவில்லை. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியா ஆகியவற்றுடன் இணைந்து கோண்டுவானா எனும் பெருநிலத்தின் பகுதியாக விளங்கியது. அந்நிலத்தின் ஆறுகள் படியவைத்த மணலும் களிமண்ணும் இன்று தாமோதர், சோன், பிராணஹிதா, கோதாவரி ஆகிய ஆறுகளின் பள்ளத்தாக்குகளில் பாறை அடுக்குகளாகக் காணக் கிடைக்கின்றன. நமக்கு நிலக்கரியைத் தரும் கோண்டுவானாப் பாறைத் தொகுதியின் மேற்பகுதியில் அமைந்தவையே இவ்வடுக்குகள். 1851-இல் தொடங்கப்பெற்ற இந்திய நிலவியல் ஆய்வுத் துறை நிலக்கரியை நாடி இப்பள்ளத்தாக்குகளை அளந்தபோது தொல்லுயிர் எச்சங்களும் வெளிப்பட்டன. பொருளாதாரத் தேவைக்காகச் செய்த அளவைப் பணி அறிவியலுக்கும் பயன்பட்டதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

மலேரியின் செங்களிமண்

இன்றைய தெலங்கானா மாநிலத்தின் வடபகுதியில், பழைய அதிலாபாத் மாவட்டத்தில் உள்ள மலேரி என்னும் சிற்றூரின் பெயரால் ஓர் அடுக்குத் தொகுதி வழங்கப்படுகிறது. செந்நிறக் களிமண்ணும் இடையிடையே மணற்கல்லும் கொண்ட இத்தொகுதி டிரயாசிக்கின் பிற்பகுதியைச் சார்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாகபுரியில் வாழ்ந்த ஸ்டீபன் ஹிஸ்லாப் என்னும் சமயப் பணியாளர் இப்பகுதியின் எச்சங்களை அறிஞர் உலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். முதலையை ஒத்த நீண்ட முகமுடைய ஊர்வன ஒன்றுக்கு 1885-இல் லைடெக்கர் என்பார் சூட்டிய பாராசூக்கஸ் ஹிஸ்லாப்பி என்ற பெயர் அவரை நினைவுகூர்கிறது.

இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய பேராசிரியர் மகலனோபிஸ் அவர்களின் அழைப்பை ஏற்று, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பமீலா ராபின்சன் 1957-இல் கல்கத்தாவுக்கு வந்தார். அக்கழகத்தில் நிலவியல் ஆய்வுப் பிரிவு அமைந்தது. அப்பிரிவினர் பிராணஹிதா-கோதாவரிப் பள்ளத்தாக்கை முறையாகத் தேடினர். அத்தேடலின் பயனாக பாராசூக்கஸ் விலங்கின் இரண்டு முழு எலும்புக்கூடுகள் மலேரி அடுக்கில் கிடைத்தன. அவற்றின் வயிற்றுப் பகுதியில் சிறிய ஊர்வன ஒன்றின் எலும்புகளும் இருந்தன. பெரிய விலங்கு உண்ட இரை செரிக்கும் முன்பே அவ்விலங்கும் மடிந்து மண்ணில் புதையுண்டது எனக் கருதப்படுகிறது. இச்சிற்றுயிருக்கு சங்கர் சாட்டர்ஜி 1980-இல் மலேரிசாரஸ் ராபின்சோனே என்று பெயரிட்டார். அதன் நீளம் ஏறத்தாழ 1.2 மீட்டர்.

இங்குச் சான்றின் தன்மையைக் கவனிக்க வேண்டும். மலேரிசாரஸ் எந்த இனத்தைச் சார்ந்தது என்பதில் பின்னர்க் கருத்து மாறியது. முதலில் அதனை இயோசூக்கியன் என்ற பழைய பிரிவில் வைத்தனர். அண்மைய ஆய்வுகள் அதனை முதலைகளுக்கும் பறவைகளுக்கும் தொலைவான உறவுடைய அசெண்டோசாரிட் என்னும் குழுவில் சேர்க்கின்றன. ஆனால் அதன் காலத்தைப் பற்றி எவரும் ஐயுறவில்லை. ஒரு டிரயாசிக் விலங்கின் வயிற்றுக்குள், அடுக்கிலேயே பதிந்திருந்த எலும்பு வேறு காலத்தைச் சார்ந்ததாக இருத்தல் இயலாது. வகைப்பாட்டை மாற்றிக்கொள்ளலாம், கிடைத்த இடமும் நிலையும் உறுதியாயிருப்பின் சான்று நிலைத்து நிற்கும்.

அடுக்கின் காலத்தை எவ்வாறு அறிந்தனர் என்ற வினாவும் எழலாம். இவ்வடுக்குகளில் ஹைப்பரோடாபெடன் என்னும் அலகு போன்ற வாயுடைய தாவர உண்ணியின் எலும்புகள் மிகுதியாகக் கிடைக்கின்றன. அதே விலங்கு ஸ்காட்லாந்திலும் பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் கிடைத்துள்ளது. அர்ஜென்டினாவின் இசிகுவாலாஸ்டோ அடுக்குகளில் எரிமலைச் சாம்பல் படிந்துள்ளமையால், அதன் கதிரியக்கத் தனிமங்களை அளந்து, ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகள் என்று வரையறுக்க முடிந்தது. அங்குள்ள காலக்கணக்கை ஒத்த விலங்குகளின் துணையால் நம் நாட்டு அடுக்கிற்கும் பொருத்துகிறோம். ஒரு தொல்லெலும்பின் வயது இத்தகைய பல கண்ணிகள் கொண்ட சங்கிலியால் அறியப்படுவது. அச்சங்கிலியின் முதற் கண்ணி, எலும்பு இன்ன அடுக்கிலிருந்து எடுக்கப்பட்டது என்ற உறுதியே.

சிற்றெலும்புகளைத் தேடும் முறை

சிறிய ஊர்வனவற்றின் எச்சங்கள் அரிதாகவே கிடைக்கின்றன. மெல்லிய எலும்புகள் நீரோட்டத்தில் சிதைகின்றன. பிற விலங்குகள் அவற்றைக் கடித்து விழுங்குகின்றன. மண்ணின் அமிலம் அவற்றைக் கரைக்கிறது. எஞ்சியவையும் நடந்து செல்லும் ஆய்வாளரின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆகவே களிமண்ணை மூட்டைகளில் அள்ளிவந்து, வெயிலில் உலர்த்தி, நீரில் ஊறவைத்துக் கரைத்து, நுண்ணிய கண்களையுடைய சல்லடைகளில் அலசுவர். சில வேளைகளில் களிமண் விரைவில் கரைய மண்ணெண்ணெயும் பயன்படுகிறது. சல்லடையில் தங்கியதை உலர்த்தி, நுண்ணோக்கியின் அடியில் பரப்பி, ஈரத் தூரிகையின் நுனியால் பற்களையும் எலும்புத் துண்டுகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்குவர். அரிசியில் கல் பொறுக்குவதைவிடப் பன்மடங்கு பொறுமை வேண்டும் பணி இது.

இம்முறை அறிவியலுக்கு மிகுந்த பயன் தந்துள்ளது. ஆயினும் அதனுள் ஓர் இடர்ப்பாடும் உண்டு. எலும்பு சல்லடையில் தென்படும்போது அதனைச் சூழ்ந்திருந்த மண் கரைந்து போயிருக்கும். மூட்டையிலிருந்த மண் முழுவதும் பழைய அடுக்கைச் சேர்ந்ததா, மேலிருந்து மழைநீரால் வெடிப்புகளில் இறங்கிய புதுமண்ணும் கலந்திருந்ததா, எலியும் ஓணானும் தோண்டிய வளையொன்று அங்கிருந்ததா என்பதை எலும்பைப் பார்த்து மட்டும் கூறுதல் அரிது. மண்ணை அள்ளிய நேரத்தில் எழுதிய குறிப்பே அதற்குச் சாட்சி.

டிகியில் கிடைத்த தாடை

மத்தியப் பிரதேசத்தின் ஷாடோல் மாவட்டத்தில் டிகி என்னும் ஊர் உள்ளது. தெற்கு ரேவா கோண்டுவானாப் படுகையைச் சார்ந்த டிகி அடுக்குத் தொகுதி, மலேரியைப் போன்றே பிற்கால டிரயாசிக்கிற்கு உரியது. இங்கு நிகழ்ந்த நுண்ணெச்சத் தேடலில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பி. எம். தத்தா ஆற்றிய பணி குறிப்பிடத்தக்கது. 2006-இல் அவரும் சங்கமித்ரா ராய் அவர்களும் இணைந்து, டிகியில் கிடைத்த சிறிய கீழ்த்தாடை ஒன்றை டிகிகுவானியா எஸ்டெசி என்ற பெயரில் வெளியிட்டனர். உலகின் மிகப் பழமையான பல்லியினச் சான்று அதுவே என்பது அவர்களது முடிவு.

இம்முடிவின் முக்கியத்துவத்தை உணரப் பல்லின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். நம் வீட்டுச் சுவரில் ஓடும் பல்லிக்குப் பற்கள் தாடையின் உட்பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும். பழையன விழப் புதியன முளைக்கும். ஓணான், பச்சோந்தி ஆகியவற்றுக்கோ பெரும்பாலான பற்கள் தாடை விளிம்பின் உச்சியிலேயே எலும்போடு எலும்பாக இணைந்துவிடும். அவை விழுந்து முளைப்பதில்லை, வயது ஏற ஏறத் தேயும். ஆகவே தாடைத் துண்டு ஒன்று கிடைப்பினும் அது எவ்வகை உயிருக்கு உரியது என்று ஓரளவு கூற இயலும். டிகியின் தாடை ஓணான் குடும்பத்தின் அமைப்பைத் தெளிவாகக் கொண்டிருந்தது.

அவ்வாறாயின் ஓணான் குடும்பம் டிரயாசிக் காலத்திலேயே இந்திய நிலத்தில் வாழ்ந்தது என்றாகும். பல்லியினத்தின் பெரும் பிரிவுகள் அனைத்தும் அதற்கு முன்னரே பிரிந்திருக்க வேண்டும். பல்லிகளும் பாம்புகளுமாக இன்று 10,000-க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட ஒரு பெரும் தொகுதியின் வரலாற்றுக் காலக்கணக்கு, இந்த ஒரு சிறு தாடையைச் சார்ந்து நின்றது. மரபணு வேறுபாட்டைக் கொண்டு இனங்கள் பிரிந்த காலத்தைக் கணிப்போருக்கு உறுதியான தொல்லெலும்பு ஒன்று அளவுகோலாகத் தேவைப்படுகிறது. அளவுகோலே பிழையாயின், அதனால் அளந்தவை அனைத்தும் பிழையாகிவிடும்.

மறு ஆய்வு

2012-இல் ஹட்சின்சன், ஸ்கின்னர், லீ ஆகிய மூவரும் இச்சான்றை மீண்டும் ஆராய்ந்தனர். டிகிகுவானியாவின் தாடையை இன்று வாழும் ஓணான் இனங்களின் தாடைகளோடு ஒப்பிட்டபோது, குறிப்பிடத்தக்க வேறுபாடு எதனையும் அவர்கள் காணவில்லை. தெற்காசியாவில் இன்றும் பரவலாக வாழும் ஓணான் பிரிவுக்குள்ளேயே அது பொருந்தியது. 22 கோடி ஆண்டுகளில் அத்தாடை சற்றும் மாறாதிருந்தது என்று கொள்ள வேண்டும். அல்லது அண்மைக் காலத்து ஓணானின் தாடை பழைய அடுக்கின் மண்ணோடு கலந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். டிரயாசிக்கிற்குப் பின் மிக நெடுங்காலத்திற்கு இத்தகைய ஓணானின் எச்சம் எங்கும் கிடைக்காமை, அவர்களை இரண்டாவது விளக்கத்தை ஏற்கச் செய்தது.

டிகி தொடர்பான வினாக்கள் இத்துடன் முடியவில்லை. தொடக்கக் காலப் பாலூட்டியின் பல் என்று 2005-இல் தத்தா வெளியிட்ட டிகிதேரியம் என்பதையும் ரஷ்ய ஆய்வாளர்களான அவெரியானொவ், வொய்ட்டா இருவரும் மறு ஆய்வு செய்தனர். அது டிரயாசிக் உயிரினுடையதன்று, மிகப் பிற்பட்ட நியோஜீன் காலத்து மூஞ்சூறு இனத்தின் பல் என்று 2024-இல் அவர்கள் முடிவு கூறினர். இரு நிகழ்ச்சிகளிலும் சான்றாக இருந்தது ஒரே ஒரு மாதிரி என்பதைக் கருத வேண்டும்.

இதனைக் கேட்டு, முதலில் கண்டெடுத்தவர்களின் உழைப்பை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது. அவர்கள் தாம் கண்டதை அளந்து, படம் வரைந்து, விரிவாக வருணித்து அச்சிட்டனர். அவ்வாறு செய்தமையாலேயே பிறர் அதனைச் சரிபார்க்க முடிந்தது. மறைத்து வைத்த மாதிரியை எவராலும் மறுக்க இயலாது. எனவே அதனை எவரும் நம்பவும் இயலாது. டிகி அடுக்கு டிரயாசிக்கைச் சார்ந்தது என்பதிலும் ஐயமில்லை. அங்கு அடுக்கினுள் பதிந்த நிலையில் கிடைத்த ஹைப்பரோடாபெடன் போன்ற விலங்குகளின் எலும்புகள் அதனை உறுதி செய்கின்றன. ஐயம் எழுவது தனித்த சில நுண்ணெச்சங்களைப் பற்றியே.

ஐயத்தைத் தீர்க்கும் வழிகள்

வெளிநாட்டுச் சான்று ஒன்றோடு ஒப்பிடுதல் இங்குப் பயன்தரும். வட இத்தாலியின் டோலமைட் மலைப் பகுதியில் கிடைத்த மெகாச்சிரெல்லா என்னும் சிற்றூர்வன 2003-இல் வெளியிடப்பட்டது. 2018-இல் சிமோய்ஸ் குழுவினர் கணிப்பொறி ஊடுகதிர்ப் படமெடுப்பின் வாயிலாகப் பாறைக்குள் மறைந்திருந்த எலும்புகளையும் கண்டு, அதனைப் பல்லி-பாம்புத் தொகுதியின் மிகப் பழைய உறுப்பினர்களுள் ஒன்று என அறிவித்தனர். அதன் வயது ஏறத்தாழ 24 கோடி ஆண்டுகள். அதுவும் ஒரே மாதிரிதான். ஆனால் எலும்புகள் பாறையிலேயே பதிந்திருந்தமையால் அதன் காலம் ஐயத்திற்கு இடமளிக்கவில்லை.

நம் நாட்டில் டிரயாசிக்கிற்கு அடுத்த ஜுராசிக் காலத்தைச் சார்ந்த கோட்டா அடுக்குகளிலிருந்து, 2002-இல் எவான்ஸ், பிரசாத், மன்ஹாஸ் ஆகியோர் பாரதகாமா என்னும் சிற்றூர்வனவை வெளியிட்டனர். அதன் வகைப்பாட்டில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் அது ஒற்றைத் துண்டன்று. பல தாடைத் துண்டுகள் கிடைத்துள்ளன. ஒரே வகை எச்சம் திரும்பத் திரும்பக் கிடைப்பது, தற்செயலாகக் கலந்திருக்கும் என்ற ஐயத்தைப் பெரிதும் குறைக்கிறது.

இவற்றிலிருந்து மூன்று சோதனைகள் தெளிவாகின்றன. முதலாவது, எலும்பு அடுக்கினுள் பதிந்த நிலையில் காணப்படுதல். இரண்டாவது, அதே அடுக்கில், மேற்பரப்பு மண்ணை அகற்றி ஆழத்தில் எடுத்த மாதிரிகளில் அவ்வகை எச்சம் மீண்டும் கிடைத்தல். மூன்றாவது, எலும்பின் வேதியியல் இயைபு. புதைந்த எலும்பு, நிலத்தடி நீரிலிருந்து அருமண் தனிமங்களை உறிஞ்சிக்கொள்கிறது. ஐயத்திற்குரிய எலும்பின் இயைபும், அவ்வடுக்கைச் சார்ந்தது என்று உறுதியாகத் தெரிந்த எலும்பின் இயைபும் ஒத்திருப்பின், இரண்டும் ஒரே இடத்தில் நெடுங்காலம் புதைந்திருந்தன என்று கருத இடமுண்டு. இச்சோதனைகளுள் எதனையும் செய்ய வேண்டுமாயின், மாதிரியும் அழியாதிருக்க வேண்டும். அது கிடைத்த இடமும் அழியாதிருக்க வேண்டும்.

அலுவலரின் பங்கும் மாணவரின் பங்கும்

கிடைத்த இடம் அழியாதிருப்பதே இன்று கடினமாகி வருகிறது. கோண்டுவானாப் பள்ளத்தாக்குகள் நிலக்கரிச் சுரங்கங்களும், அணைகளும், சாலைகளும் நிறைந்த பகுதிகள். வளர்ச்சிப் பணிகள் நாட்டுக்கு இன்றியமையாதவை. அவற்றை நிறுத்த வேண்டுமென்று நான் கூறவில்லை. இப்பணிகளுக்காக நிலத்தை வெட்டும்போதுதான் புதிய அடுக்குகள் வெளிப்படுகின்றன. வெட்டிய முகப்பை மூடுவதற்கு முன், அதனை நிலவியலார் பார்வையிட்டு அளந்து படமெடுக்கச் சில நாட்கள் இடமளித்தாலே பெரும்பயன் விளையும். தொல்லெச்சம் இருப்பதாக அறியப்பட்ட இடங்கள் வருவாய்த் துறையின் நிலவரைபடத்திலும், சுரங்கக் குத்தகை ஆவணத்திலும், சாலைத் திட்ட மதிப்பீட்டிலும் குறிக்கப்பெற்றால், அறியாமையால் நேரும் அழிவைத் தவிர்க்கலாம்.

சட்டத்தின் வழியாக இவ்விடங்களைக் காக்கும் முயற்சியும் நிகழ்ந்துள்ளது. நிலவியல் மரபிடங்களையும் நிலவியல் தொல்பொருள்களையும் பாதுகாப்பதற்கான சட்ட வரைவு ஒன்றை நடுவணரசு 2022 டிசம்பரில் மக்கள் கருத்தறியும் பொருட்டு வெளியிட்டது. சட்டத்தின் வலிமை ஒருபுறமிருக்க, களத்தில் நிற்கும் அலுவலரின் கவனமே முதற்காவல் ஆகும். செங்களிமண்ணில் வெண்ணிறத் துண்டொன்றைக் கண்டு அதனை எடுத்துவரும் ஊர் மக்களிடம், எந்த இடத்தில் எடுத்தீர்கள் என்று கேட்டு எழுதிவைக்கும் கிராம அலுவலர், அறிவியலுக்குச் செய்யும் தொண்டு சிறிதன்று.

மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல். களத்திற்குச் செல்லும்போது எலும்பைக் காணும் ஆர்வம் இயல்பானது. ஆனால் கைக்குள் எடுப்பதற்கு முன் அது இருந்த நிலையைப் படமெடுங்கள். அடுக்கின் பெயர், மேற்பரப்பிலிருந்து ஆழம், அருகில் வெடிப்போ வளையோ உண்டா என்பது, நாள், இடக்குறிப்பு ஆகியவற்றை அப்போதே எழுதுங்கள். எலும்பைச் சுற்றியுள்ள மண்ணில் சிறிதளவைத் தனியே பொதிந்து வையுங்கள். பதிவேடுள்ள நிறுவனத்தில் மாதிரியை ஒப்படையுங்கள். நீங்கள் இன்று எழுதும் நான்கு வரிக் குறிப்பு, உங்கள் முடிவை நாளை ஒருவர் சரிபார்ப்பதற்கு வழி செய்யும். அவர் உங்கள் முடிவை மறுப்பினும், உங்கள் குறிப்பு அவருக்கும் பயன்பட்டிருக்கும்.

பல்லியினத்தின் தொடக்கம் இந்திய நிலத்தில் நிகழ்ந்ததா என்ற வினாவுக்கு முடிவான விடை இன்னும் கிட்டவில்லை. டிகி, மலேரி அடுக்குகளில் தேடாத களிமண் இன்னும் ஏராளமாக உள்ளது. அதில் ஒரு சிறு தாடை, பாறையிலேயே பதிந்த நிலையில் கிடைக்குமாயின், உலக அறிஞர்கள் அதனைத் தயக்கமின்றி ஏற்பர். அத்தகைய சான்று கிடைக்கும் நாள்வரை அந்நிலங்களைச் சிதையாமல் காத்துவைப்பது நமது பொறுப்பு ஆகும்.